வீதிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே

2024 ஜூன் 3, திங்கள்

மூன்றாவது நாளாக மழை விடவில்லை. மேலே ஏ7 வீதி, கீழே பதுளைக்குப் போகும் தண்டவாளம். இரண்டுக்கும் நடுவே, இந்த இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் இரண்டு லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரு கடையும், மாரியம்மன் கோயிலும். கொட்டகலையும் தலவாக்கலையும் பெயர்ப் பலகையில் இருக்கின்றன, நாங்கள் இல்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேர் கைகாட்டியும் பஸ் நிற்காமல் போய்விட்டது. சேறு தெறித்த வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது.

ஜூன் 4

மழை. கொழுந்து நிறை குறைவு. வேறொன்றுமில்லை.

ஜூன் 6, வியாழன்

தேங்காய்ச் சம்பல் அரைத்தேன். எங்கள் அம்மியில் எதை அரைத்தாலும் ஓரத்தில் திப்பி நிற்கும். அம்மிக்குக் குழவி சேரவில்லை. ஏன் என்று இத்தனை வருடம் நான் கேட்டதேயில்லை, இன்று கேட்டேன்.

மாலைக் கோச்சியின், அதாவது ரயிலின், சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த அப்பாயி, அது வளைவில் மறையும்வரை நின்றுவிட்டுத்தான் பேசினார். 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாம். ஆட்களை மூட்டை போல எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். தாத்தா இலங்கைக்கு மனுப் போட்டார், சின்ன அப்பாயியின் கணவர் இந்தியாவுக்கு. ஒரே லயத்தில் பிறந்த அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டவர்.

1973இல் தலவாக்கலை ஸ்டேஷனில் வழியனுப்பினார்களாம். தலைமன்னார் வரை ரயில், பிறகு ராமேஸ்வரத்துக்குக் கப்பல். ஏறியவர்களும் நின்றவர்களும் அழுத அழுகையில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. தகரப் பெட்டியில் அம்மிக்கு இடமில்லை. அம்மா அரைத்த கல்லில் பாதியாவது என்னோடு வரட்டும் என்று சொல்லிக் குழவியை மட்டும் சேலைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போனாராம் சின்ன அப்பாயி.

இந்தப் பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல். தேயிலையைக் கொழும்புக்கு இறக்கவும் அரிசியை மேலே ஏற்றவும் போட்ட பாதை. அதிலேயே எங்கள் ஆட்களையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்து இரவு தூக்கம் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கூடலூரில் இருக்கும் சின்ன அப்பாயியின் பேத்திக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். சின்ன அப்பாயி காலமாகி நான்கு வருடம். குழவி இருக்கிறதாம், இன்னும் அதில்தான் அரைக்கிறார்களாம். மத்தியானம் படம் வந்தது. கறுத்த கல், ஒரு முனையில் மிளகாயின் சிவப்பு.

அப்பாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு விரலால் படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது பார். அவளுக்கு இடக்கைதான் வாட்டம்."