மணல் காய்ந்தே கிடந்தது

எங்கள் வீட்டுக் கடுவன் பூனையின் பெயர் சூடை. பாம்பனில் கரைக்குப் பக்கத்திலேயே வீடு. வலை உதறும் நேரம் பார்த்துப் போய், சூடை என்னும் சிறுமீனாகவே தின்று வளர்ந்தவன்; பெயரும் அதனால்தான். போன மாசியில் ஒருநாள் காலையில் கொல்லை மணலைப் பறித்துக் குந்துவதும், எழுந்து இரண்டடி தள்ளி மறுபடி பறிப்பதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்தேன். விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்றார் அம்மா.

மத்தியானம் வைத்த மீன் தலையை அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னங்காலுக்கு நடுவில் நக்கிக்கொண்டே இருந்தான். குந்தும்போது அடித்தொண்டையிலிருந்து இழுத்து ஓர் அழுகை. அப்புறம்தான் அவன் பறித்த குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தாறு குழி, எல்லாம் காய்ந்த மணல். ஒன்றில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு.

பக்கத்து வீட்டு அத்தை, "காய்ச்சலா இருக்கும்டா, பாரசிட்டமால் பாதி கரைச்சு ஊத்து" என்றார். பாசத்தில் சொன்னதுதான். நல்லவேளை, அதற்குமுன் ஆடுகளுக்கு ஊசி போட வரும் கால்நடை ஆய்வாளருக்குப் போன் போட்டேன். "ஆணா, பெண்ணா? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "வயித்தை அமுக்காதீங்க, மாத்திரை எதுவும் வேண்டாம். இப்பவே ராம்நாட்டுக்குக் கிளம்புங்க."

மீன் பெட்டியில் துண்டு விரித்து, ஆட்டோவில் கிளம்பினோம். பாலத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான்.

டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிட்டார்: சிறுநீர்ப்பை நிரம்பிக் கல்லைப் போல இறுகி நிற்கிறது, அடைப்பு. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். பொடிக் கற்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கழிவு ரத்தத்திலேயே தேங்கும். பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை விட்டு, சலைன் பீய்ச்சி அடைப்பை எடுத்தார். ரத்தம் கலந்த சிறுநீர் வெளியே வந்தது. இரண்டு நாள் குழாயோடு அங்கேயே இருந்தான்.

பாரசிட்டமால் பற்றியும் கேட்டேன். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாதாம். பாதி மாத்திரையே உயிரை எடுத்துவிடுமாம். கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கிளம்பும்போது வேறு சிலவற்றையும் காட்டிக் கொடுத்தார். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; வெளுத்தாலோ மஞ்சளானாலோ காத்திருக்கக் கூடாது. நாய்க்கும் அப்படித்தான், உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஈறு வெளுத்துவிடும். தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும்; நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் காட்டிவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பூனை சாப்பிடாவிட்டாலும் அப்படியே.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக்கரிக்கும். அவன் அதை வாயில் வைப்பதே இல்லை. இப்போது நாங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையே மூன்று இடங்களில் வைக்கிறோம். மீனும் உப்பில்லாமல் வேகவைத்து, சாறோடுதான். அடைப்பு திரும்ப வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், தினமும் காலையில் கொல்லை மணலைக் கிளறிப் பார்க்கிறேன். இன்று இரண்டு ஈரக் கட்டி இருந்தது.