அரக்குப் புடவையும் 16-இலிருந்து 235 வரையும்

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்குத்தான் என் திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு முன் மூன்று ராத்திரி வீண்.

என் கணினிப் பெட்டி பழசு. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, 11-க்கு இந்தப் பிராசஸர் தகுதிப் பட்டியலிலேயே இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22.1, அதில் சின்னமன் என்கிற டெஸ்க்டாப் வகை. போட்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, டீ ஆறுவதற்குள் முடிந்தது.

தலைவலி படங்களில் ஆரம்பித்தது. திருபுவனத்தில் சித்தி வாட்ஸப்பில் பட்டுப்புடவை விற்கிறார், படம் எடுத்துத் திருத்திக் கொடுப்பது நான். மின்ட்டில் கிம்ப்பில் (படம் திருத்தும் மென்பொருள்) திறந்தால் ஓர் அரக்குப் புடவை வெளுத்துத் தெரிந்தது, விசிறி மடிப்பின் நிழலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி. வெளிச்சத்தையும் நிழலையும் மாற்றும் கர்வ்ஸ் கோட்டை இழுத்து நிழலை நன்றாகக் கறுக்க வைத்து அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் போன். "ஏன்டா, அரக்குன்னு சொல்லி காப்பிக்கொட்டையை அனுப்பிருக்க?" என் போனில் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. ஆக, நான் கைவைக்கும் முன் படம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, என் திரைதான் பொய் சொல்கிறது.

முதலில், ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டைச் சந்தேகப்பட்டேன். அணைத்துத்தான் இருந்தது. அப்புறம் மானிட்டரின் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், காமா எல்லாவற்றையும் திருகி, திருகியதைப் பழையபடி வைக்கத் தெரியாமல் ரீசெட் அடித்தேன். பிறகு கிம்ப்பிலேயே ஒரு சோதனைப் படம் செய்தேன்: கறுப்புப் பின்னணியில் 2, 4, 8, 16 என்று மதிப்பு வைத்த நான்கு சதுரங்கள் (0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை). நான்கும் தனித்தனியாகத் தெரிந்தன. நிழல் பகுதி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி ஒரு ராத்திரியைக் கோட்டைவிட்டது இங்கேதான். இந்தச் சோதனை கறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் காட்டிக்கொடுக்கும், மொத்தக் கறுப்பும் ஒரேயடியாக மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் காட்டிக்கொடுக்காது. சதுரங்கள் பாட்டுக்கு வரிசையாகத் தெரியும், நாம்தான் ஏமாறுவோம்.

பிடிபட்டது தற்செயலாக. அறை விளக்கை அணைத்துவிட்டு, கொசுக்கடியோடு, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து வைத்திருந்தேன். அப்போது மானிட்டரின் மெனு பொத்தானைத் தட்டினேன். அந்த மெனுவைக் கணினி வரைவதில்லை, மானிட்டரே வரைந்துகொள்வது. மெனுவின் பின்னணி மை மாதிரி இருந்தது, அதைச் சுற்றி என் 'முழுக் கறுப்பு' அடுப்புச் சாம்பலாக இருந்தது. இதைவிட நல்ல கருவி கலர் சோதனைக்கு எனக்கு இனிமேல் வேண்டாம், காசும் இல்லை.

காரணம் இதுதான். 1920-க்கு 1080, 60 ஹெர்ட்ஸ் என்பது டிவிக்கான அளவுகளில் ஒன்று. டிவிக்கும் மானிட்டருக்கும் பொதுவான எச்டிஎம்ஐ கேபிள் வழியாக அந்த அளவு போனால், படத்தைத் திரைக்கு அனுப்பும் இன்டெல் டிரைவர் எதிரே இருப்பது டிவி என்று எடுத்துக்கொண்டு, 0 முதல் 255 வரை உள்ளதை 16 முதல் 235-க்குள் சுருக்கி அனுப்பும். டிவி அதை விரித்துக்கொள்ளும். என் மானிட்டர் விரிக்காமல் வந்ததை வந்தபடி காட்டுகிறது, கறுப்பு 16, வெள்ளை 235. கட்டளை தட்டும் டெர்மினலில், திரை அமைப்புகளைக் காட்டி மாற்றும் எக்ஸ்ரேண்டரை வெர்போஸ் (விவரமாகக் காட்டு) போட்டு ஓட்டினால் 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி: ஆட்டோமேட்டிக்' என்று ஒரு வரி. அதே எக்ஸ்ரேண்டர் கட்டளையால் அதை ஃபுல், அதாவது சுருக்காமல் 0 முதல் 255 வரை, என்று மாற்றினேன். திரை ஒரு கணம் அணைந்து வந்தது, வந்ததும் சாம்பல் போச்சு.

மின்ட்டைத் திட்டித் தீர்த்திருந்தேன், அது நியாயமில்லை. விண்டோஸில் இருந்தவரை பழைய அனலாக் வகை விஜிஏ கேபிள்தான், அதில் இந்த 16, 235 பேச்சே கிடையாது. மின்ட் போட்ட அன்றைக்கே எச்டிஎம்ஐ கேபிளும் மாட்டினேன். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எதை நம்புவது? (கேபிள் கும்பகோணத்திலேயே ஒரு கடையில் வாங்கியது, தங்க முலாம் என்று சொல்லி இரட்டை விலை போட்டார்கள். அடுத்த முறை சென்னை போகும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.)

மறுநாள் காலை மின்வெட்டு. யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது, கரண்ட் வந்து பெட்டியைப் போட்டால் மறுபடியும் சாம்பல். அந்த அமைப்பு தானாக நிலைப்பதில்லை. அந்தக் கட்டளையை, உள்ளே நுழைந்ததும் தானாக ஓடவேண்டியவற்றின் பட்டியலான ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் சேர்த்து 5 விநாடி தாமதம் கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் இன்னும் சாம்பல்தான், அதில் யார் புடவை பார்க்கப்போகிறார்கள்.

இன்னொன்று பாக்கி. மின்ட்டின் படம் பார்க்கும் செயலியான எக்ஸ்வியூவரில் திறந்தால் வெள்ளைப் பின்னணி லேசாக மஞ்சளடிக்கிறது, பிரவுசரில் அதே படம் சுத்தமாக இருக்கிறது. காரணம், மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவலை வைத்துத் தானாக உருவான கலர் புரொஃபைல் (திரையின் நிறத்தைத் திருத்தச் சொல்லும் கோப்பு), கலர் அமைப்பில் போய் அணைத்ததும் மஞ்சள் போனது. முறையாகச் செய்வதென்றால் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவியை வைத்து, ஆர்கில் சிஎம்எஸ், டிஸ்ப்ளேகால் என்கிற மென்பொருள்கள் வழியாக அளக்க வேண்டும். தஞ்சாவூரில் நண்பர் ஒருவரிடம் கருவி இருக்கிறது, இரவல் கேட்டிருக்கிறேன். வந்தால் வெள்ளையின் நிறத்துக்கு 6500 கெல்வின், இடைப்பட்ட வெளிச்சத்துக்குக் காமா 2.2 என்று வழக்கமான இலக்குகளை வைத்து அளப்பேன்.

அதற்குள் சித்தி மயில்கழுத்துப் புடவை நான்கை அனுப்பிவிட்டார். பாவும் ஊடையும் வெவ்வேறு நிறம், ஆட்டினால் நீலம், சாய்த்தால் பச்சை. எந்தப் பக்கம் சாய்த்து எடுப்பது என்று கேட்டதற்கு, "ரெண்டும் தெரியிற மாதிரி எடுடா" என்கிறார்.