அந்த டிஸ்க் இனி வேணுமா?

ஃபைல்களின் பிரதியை இணையம் வழியே வெளியிடத்தில் சேர்த்து வைக்கும் கிளவுட் பேக்கப் போட்டுக் கொடுப்பது என் வேலையில் சலிப்பான பகுதி. எந்த பனியன் கம்பெனிக்குப் போனாலும் சர்வரில் இருப்பது ஒன்றுதான்: கணக்கு எழுதும் டேலி, சம்பளப் பட்டியல், பையர் அனுப்பிய டெக் பேக், பேட்டர்ன் ஃபைல், யாரும் திறந்தே பார்க்காத சாம்பிள் போட்டோ. பக்கத்து கம்பெனியில், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது என்று காதில் விழுந்த மறுநாள் கூப்பிடுவார்கள். இதில் மனதில் நிற்க ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு இடத்தில் முதலாளி கேட்டதும் நான் சொன்னதும் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

"அப்போ அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போற டிஸ்க் இனி வேணுமாங்க?"

"கட்டாயம் இல்லைங்க."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் என்றது அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரை. முதலாளியின் அப்பா காலத்து ஆள். எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பதில் சரியான பதில். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் சரிதான். எங்கள் தொழிலில் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே. சர்வரில் ஒன்று, மேல் மாடியில் நெட்வொர்க்கில் மாட்டிய நாஸ் சேமிப்புப் பெட்டியில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கணக்கு முடிந்தது. டிஸ்க் நான்காவது.

மென்பொருளையும் ஏனோதானோ என்று தேர்வு செய்யவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான மலிவுத் திட்டங்கள் பெரும்பாலும் விண்டோஸ் சர்வரில் ஏறாது. சர்வர் லைசென்ஸ் தனி விலை. கூகுள் டிரைவ் போதாதா என்று முதலாளி கேட்டார். சிங்க் என்பது பேக்கப் ஆகாது, ஃபைல் பூட்டப்பட்டால் பூட்டப்பட்ட ஃபைலே மேலேயும் போய் உட்காரும், பழைய பதிப்பும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது என்றேன். கிளவுட் இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும். அதற்கு முன் அவ்வப்போது எடுத்தால் போதும் என்றுதான் இருந்தது. இவர்கள் பிரைவேட் லிமிடெட். அதனால் மும்பையில் சேமிப்பகம் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். விதி அண்ணனுக்கு எனக்கு முன்பே தெரியும். தலையாட்டிக்கொண்டார்.

தலையாட்டாமல் நிறுத்தியது அழிக்க முடியாத பேக்கப் பற்றிச் சொன்னபோது. அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3யில், குறித்த நாள் வரை ஃபைலை அழிக்கவிடாத ஆப்ஜெக்ட் லாக் 2018இல் வந்தது. இப்போது பல மென்பொருள்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அதில் கம்ப்ளையன்ஸ் என்ற கடுமையான முறையில் 30 நாள் என்று பூட்டிவிட்டால், அட்மின் பாஸ்வேர்டே திருட்டுப் போனாலும் அந்த 30 நாளுக்குள் யாராலும் பேக்கப்பை அழிக்க முடியாது. ரான்சம்வேர் ஆட்கள் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். எனவே இது இல்லாத எதையும் நான் இப்போது பரிந்துரைப்பதில்லை.

"என்னாலயும் அழிக்க முடியாதுங்களா தம்பி?"

"யாராலயும் முடியாதுங்கண்ணா. முதலாளியாலயும் முடியாது."

"சாவி அவருகிட்டத்தான இருக்குது."

பேக்கப்பைத் திறக்கும் ரகசியச் சாவியை, அதாவது என்கிரிப்ஷன் சாவியைச் சொன்னார். அதைத் தொலைத்தால் மென்பொருள் கம்பெனிக்காரன்கூட மீட்டுத் தர முடியாது. ஆகவே இரண்டு பேரிடம் இருக்கட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். முதலாளி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டார், இன்னொன்று அவர் மனைவி பெயரில் இருக்கும் பேங்க் லாக்கருக்குப் போனது. யார் அந்த இரண்டு பேர் என்று முடிவு செய்வது என் வேலையா? இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் மனதில் ஓடிய பெயர் ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

டிஸ்க்குக்கு வருகிறேன். அண்ணன் தினமும் சாயங்காலம், "எல்லாரும் டேலிய விட்டு வெளிய வாங்க" என்று குரல் கொடுத்து, டேட்டாவை நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோவார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. திறந்திருக்கும் ஃபைலை நகலெடுத்தால் கெட்டுப்போகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர். புதிய மென்பொருள் ஃபைல் அந்த நொடியில் இருக்கும் நிலையைப் பிடித்துக்கொள்ளும் விண்டோஸின் ஷேடோ காப்பியை வைத்துத் திறந்திருக்கும்போதே எடுத்துவிடும்; யாரும் வெளியே வரத் தேவையில்லை. பெரிய முன்னேற்றம் என்று இதை அவரிடமே பெருமையாகச் சொன்னேன்.

அந்த டிஸ்க்கில் குறை இருந்தது, மறுக்க முடியாது. பூட்டு எதுவும் கிடையாது. தொழிலாளிகளின் ஆதார், பேங்க் கணக்கு, பிஎஃப் எண் எல்லாம் திறந்தபடி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தது. டிஸ்க் எங்கேயாவது விழுந்தால் அவர் மீதுதான் பழி வரும். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டுவிட்டால் அதற்கும் வழி உண்டு, காசும் ஆகாது. அதையும் முதலாளியிடம் சொன்னேன். கீழே, வண்டி எடுக்க வந்தபோது. "விடுங்க, எதுக்கு ரெண்டு வேலை" என்றார். மேலே, அண்ணன் காதுபடச் சொல்லியிருந்தால் அவர் அதே பதிலைச் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

சில நாள் எனக்கு இப்படித் தோன்றும்: முதலாளிக்கு வேண்டியிருந்தது பேக்கப் அல்ல, அந்த டிஸ்க் வெளியே போவதை நிறுத்த ஒரு காரணம். அதை மகனாக அவரால் சொல்ல முடியவில்லை, என்னைச் சொல்ல வைத்தார். அடுத்த நிமிடமே இது என் கற்பனை என்றும் தோன்றும். புதிதாகப் பொறுப்பெடுத்தவர் செலவையும் வேலையையும் குறைக்கப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தத் தொனியில் சந்தேகம் இருந்ததா என்று இப்போது யாரிடம் கேட்பது?

2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்ததை நான் எல்லா இடத்திலும் உதாரணமாகச் சொல்வேன். பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அங்கும் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதி என்கிற யோசனையைப் பல வருடமாகச் செய்துகொண்டிருந்த மனிதருக்கு அதை நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஃபைல்களை மீட்டு, அதாவது ரெஸ்டோர் செய்து பார்க்கிறோம். மென்பொருள் பச்சை நிறத்தில் டிக் போட்டுக் காட்டும். அது ஃபைல் முழுசாக வந்தது என்பதற்குத்தான் சாட்சி, கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்கு அல்ல. குளோசிங் ஸ்டாக்கையும் சில பார்ட்டிகளின் பாக்கியையும் பார்த்துச் சொல்ல அண்ணன்தான் வர வேண்டும். வருவார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார்.

போன தடவை பார்த்து முடித்ததும், "சர்வர் முழுசும் கீழ எறக்க எத்தனை நேரம் ஆகுங்க?" என்றார். 100 எம்பிபிஎஸ் லைன் முழுதாகக் கிடைத்தால் மணிக்கு 45 ஜிபி, இங்கே 900 ஜிபி, ஆக 20 மணி நேரம், நடைமுறையில் இரண்டு நாள்கூட ஆகலாம் என்றேன். டேலியை மட்டும் முதலில் இறக்கினால் அரை மணிக்குள் வந்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"சரிங்க தம்பி" என்று ரெஸ்டோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.