காசைக் கண்டதும் கையை ஒளித்த சிறுமி

அந்தச் சிறுமிக்கு நாலு வயது. ரத்தம் எடுக்க வேண்டும். குழந்தைகள் பிரிவில் நான் செவிலியராகச் சேர்ந்த புதிது. காசை மறைக்கும் வித்தை ஒன்றை அப்போதுதான் கற்றிருந்தேன். இடது கை விரல் நுனிகளில் காசைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதை எடுப்பதுபோல் மூட வேண்டும். உண்மையில் காசு இடது உள்ளங்கைக்குள் விழுந்துவிடும். வெறும் வலது கையை ஊதித் திறந்தால் காசைக் காணோம். அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில், பக்கத்தில் இருந்தவர் ஊசியைக் குத்தினார். நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தது அதுதான். வீறிட்டு அழுதாள். ஆனால் வேலை சீக்கிரம் முடிந்தது, நல்ல யோசனை என்று பலரும் சொன்னார்கள்.

மறுநாள் காலை, ஊசி எதுவும் இல்லாத நேரத்தில், அவள் கட்டிலருகே போய்க் காசை எடுத்தேன். அவள் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். காசைப் பார்க்கவே இல்லை. என் இன்னொரு கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ குழந்தைகளுக்கு வித்தை காட்டியிருக்கிறேன். கற்றதில் பெரும்பகுதியை அந்தப் போர்வையிலிருந்துதான் தொடங்கினேன்.

தமிழில் இதற்குச் செப்படி வித்தை என்று பெயர். செப்பு என்றால் சின்னக் கிண்ணம். கிண்ணத்தைக் கவிழ்த்து உள்ளே இருப்பதை மாயமாக்கும் விளையாட்டு. இதே கிண்ண வித்தையைப் பற்றி 1ஆம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவவாதி செனெக்கா ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஏமாற்று யாருக்கும் கெடுதல் செய்வதில்லை, ஏமாறுவதிலேயே தனக்கு ஒரு இன்பம் இருக்கிறது என்பது அவர் கருத்து. அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிறுமிதான் நினைவுக்கு வந்தாள். வித்தையில் ஏமாறக் குழந்தை மனமுவந்து சம்மதிக்கிறது. நாங்கள் அந்தச் சம்மதத்தை வாங்கி, அது கேட்காத இன்னொன்றுக்குப் பயன்படுத்தியிருந்தோம்.

இப்போது முதலில் சொல்லிவிடுகிறேன். "ஊசி போடப் போறேன். கொஞ்சம் வலிக்கும். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். நீ ஊசியைப் பாக்கறியா, வித்தையைப் பாக்கறியா?" கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் ஊசி வலி குறைகிறது என்பது ஆய்வுகளில் பலமுறை தெரியவந்த விஷயம். ஆனால் அதற்காக ஊசியை மறைக்க வேண்டியதில்லை. சில குழந்தைகள் ஊசியைத்தான் பார்ப்பேன் என்பார்கள். சரி, அவர்களுக்கு வித்தை அப்புறம்.

எந்த வயதுக்கு எந்த வித்தை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக காலம் பிடித்தது. ஒன்றரை வயதுக் குழந்தை முன் காசை மறைத்தால் அது ஆச்சரியப்படாது. என் விரல்களைப் பிரித்துத் தேடும், கிடைக்காவிட்டால் அழும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்ற அறிவு குழந்தைக்குச் சிறுகச் சிறுக வருகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக எழுதினார். அந்த அறிவு ஊன்றிக்கொண்டிருக்கும் வயதில் பொருள் காணாமல் போவது வித்தை இல்லை, அது வெறும் இழப்பு. திரும்பி வருவதுதான் கொண்டாட்டம். அதனால் சின்னக் குழந்தைகளிடம் மறைத்த உடனே எடுத்துக் காட்டிவிடுவேன். கைக்குட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்து எட்டிப்பார்ப்பதே அவர்களுக்குப் போதும்.

மூன்று வயதில் வேறொரு அழகு. ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களும் செய்து காட்டுவார்கள். செய்து முடித்ததும் ஒளித்த கையை நீட்டி, "இங்க இருக்கு!" என்பார்கள். எனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அந்த வயதில் பெரும்பாலோருக்கு இன்னும் பிடிபடவில்லை. 1983இல் உளவியலாளர்கள் ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. நாலு, ஐந்து வயதில் ஒருநாள் திடீரென்று அந்தக் கை முதுகுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வரும். அதைப் பார்க்கக் கிடைப்பதை இந்த வேலையின் பெரிய பேறாக நினைக்கிறேன்.

பென்சில் வித்தைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பென்சிலின் ஒரு முனைக்குச் சற்று உள்ளே, இரண்டு விரல்களால் தளர்வாகப் பிடித்து, கையை மேலும் கீழும் மெதுவாக ஆட்டினால் பென்சில் ரப்பர்போல் வளைந்து நெளியும். ஒளிக்க எதுவும் இல்லை, முழுக்கக் கண்ணின் வேலை. எலும்பு முறிந்து ஒரு கைக்கு மாவுக்கட்டுப் போட்ட ஆறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். யாரோடும் பேசமாட்டான். அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். மாலையில் வந்த மருத்துவரைக் கட்டிலருகே நிறுத்தி, அவர் பேனாவையே வாங்கி வளைத்துக் காட்டினான். கட்டுப் போடாத ஒரே கையால். மருத்துவர் நிஜமாகவே குனிந்து பேனாவைத் தடவிப் பார்த்தார்.

வண்ணம் ஏறும் நோட்டைச் செய்ய ஒரு மாலை வேண்டும். சின்ன நோட்டில் ஒற்றைப்படைத் தாள்களின் வெளி ஓரத்தில் மேல்பாதியையும், இரட்டைப்படைத் தாள்களில் கீழ்ப்பாதியையும் சில மில்லிமீட்டர் நறுக்க வேண்டும். கட்டைவிரலை ஓரத்தின் மேலே வைத்து ஓட்டினால் ஒரு வகைப் பக்கங்கள் மட்டும் விரியும், கீழே வைத்து ஓட்டினால் மற்ற வகை. ஒன்றில் கோட்டுப்படம், மற்றொன்றில் வண்ணப்படம். "உன் சட்டையிலிருந்து கொஞ்சம் நீலம் எடுத்துப் போடு" என்பேன். குழந்தை கிள்ளி எறியும், நோட்டு நிறமாகிவிடும். இதில் வித்தை செய்தது நான் என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. நானும் நினைக்க விடுவதில்லை. மருத்துவமனையில் குழந்தைக்குப் பிறர் செய்வதுதான் அதிகம். அதுவே ஒன்றைச் செய்து உலகம் மாறுவதைப் பார்க்கும் தருணங்கள் குறைவு.

விளையாட்டு அறையில் தண்ணீர்த் தட்டில் மிளகுத்தூளைத் தூவி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்ட விரலை நடுவில் வைக்கச் சொல்வதும் அந்த வகைதான். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் தூள் ஓரத்துக்கு ஓடும். விரலை உடனே கழுவிவிட வேண்டும், கண்ணைத் தேய்ப்பார்கள்.

நிஜக் காசைக் கைவிட்டுப் பல வருடமாகிறது. பொம்மைச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கும் எதையும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்தான சிறுபொருளாகக் கொள்கிறார்கள். சாதாரணக் காசுகள் அதில் எளிதாக அடங்கிவிடும். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் வில்லைதான் இப்போது என் காசு. கழுவித் துடைத்து அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகலாம். பஞ்சுப் பந்துகளை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது என்பதால் அவற்றையும் விட்டேன். காந்தம் வைத்த வித்தைச் சாமான்களைத் தொடவே மாட்டேன். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று இழுக்கும், குடலில் ஓட்டை விழும்.

அந்தச் சிறுமியிடம் திரும்பிப் போக எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. மறைக்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து காசு விழும் இடத்தை அவளுக்குக் காட்டினேன், மெதுவாக, பலமுறை. பிறகு அவளிடம் கொடுத்தேன். அவளுடைய சின்ன விரல்களின் இடுக்கில் காசு பளிச்சென்று தெரிந்தது. "எங்க போச்சு?" என்றேன். என் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தட்டோடு போனபோது அவளே கேட்டாள்: "இன்னைக்கு ஊசியா, காசா?"

"ஊசி. முடிஞ்சதும் காசு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். காசை முதலிலேயே வாங்கி ஒரு கையில் இறுக மூடிக்கொண்டு, மற்றக் கையை நீட்டினாள்.