ஜாபிக்ஸ்ல டீபக் லாக் போட்டு ஹவுஸ்கீப்பரப் புடிச்ச கதை

ஆபீஸ்ல ஜாபிக்ஸ் 6.0 ஓடுது, சர்வருங்க எப்டி இருக்குன்னு கண்காணிக்கிற சாஃப்ட்வேர், பின்னாடி டேட்டாபேஸா மைஎஸ்கியூஎல். மணிக்கொரு தடவ வெப் பேஜ் அப்டியே நின்னுடும், லேட்டஸ்ட் டேட்டா கிளிக் பண்ணா சுத்திக்கிட்டே கெடக்கும், கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும்.

சர்வர் லாக்ல பாத்தா எரர் எதுவும் இல்ல. இருக்காது, ஏன்னா ஃப்ரண்ட்எண்ட், அதாவது நாம பாக்குற வெப் பேஜ், பிஹெச்பில தனியா ஓடுது, அதோட கோளாறு அப்பாச்சி இல்லனா பிஹெச்பி எஃப்பிஎம் லாக்குக்குத்தான் போகும். அதுலயும் ஒண்ணும் சிக்கல. அப்புறம் யூசர் குரூப்ல டீபக் மோட ஆன் பண்ணேன், ஸ்க்ரீன் கீழ ஒரு பட்டன் வரும், அத அமுக்கினா பேஜ் ஓட்டுன எஸ்கியூஎல் ஒவ்வொண்ணும் எவ்ளோ நேரம் எடுத்துச்சுன்னு காட்டிடும். நேரம் பூரா டேட்டாபேஸ்லதான் போயிருந்துச்சு.

கூட வேல செய்றவர் சர்வரோட டீபக்லெவல, அதாவது லாக் எவ்ளோ விவரமா எழுதணும்ங்கிற அளவ, 4 ஆக்குங்கன்னார். வேணாம்னேன். டீஃபால்ட் 3, கான்ஃபிக்ல 4 வச்சா போலர், ட்ராப்பர்னு டேட்டா சேகரிக்கிறதுலருந்து எல்லா ப்ராசஸும் சேந்து லாக்ல கொட்டும், பேக்கேஜ்ல போட்டா லாக்ஃபைல்சைஸ் 0ன்னு வருது, அதாவது லாக் பெருசானா ஜாபிக்ஸ் தானா ரொட்டேட் பண்ணி புது ஃபைல் ஆரம்பிக்காது, அந்த வேலய செய்ற லாக்ரொட்டேட் வர்றதுக்குள்ள டிஸ்க் ரொம்பிடும். சந்தேகப்படுற ப்ராசஸோட லாக் லெவல மட்டும் ஏத்தலாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம், ஜாபிக்ஸ் சர்வர் கமாண்டுக்கு மைனஸ் பெரிய ஆர் போட்டு லாக் லெவல் இன்க்ரீஸ் ஈக்வல்ஸ் ப்ராசஸ் பேரு, அவ்ளோதான்.

நா ஹவுஸ்கீப்பர ஏத்தினேன், பழைய டேட்டாவ அழிக்கிற ப்ராசஸ் அது, ஏன்னா மணிக்கொரு தடவ வர்றது அதுதான், லெவல் 3லயே எத்தன ஹிஸ்டரி அழிச்சேன் எத்தன செகண்ட் ஆச்சுன்னு ஒரு லைன் எழுதும், அந்த டைமும் பேஜ் நிக்கிற டைமும் அச்சா ஒத்துப்போச்சு. மணி ஆகுற வரைக்கும் உக்காந்திருக்கவும் வேணாம், ஹவுஸ்கீப்பர் எக்ஸிக்யூட்னு ரன்டைம் கமாண்ட் இருக்கு. லாக்ல ஒவ்வொரு லைன் முன்னாடியும் ப்ராசஸ் ஐடி இருக்கும், அத வச்சு க்ரெப் கமாண்ட்ல தேடினா டெலீட் க்வெரி எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு, எல்லாம் ஹிஸ்டரி லாக் டேபிள், ஒரே ஒரு ஐட்டம், அதாவது ஜாபிக்ஸ் சேகரிக்கிற ஒரு விஷயம். அது அப்ளிகேஷன் லாக் மொத்தத்தயும் ஃபில்டர் இல்லாம உள்ள இழுத்துக்கிட்டிருந்துச்சு.

டேட்டாவ வச்சிருக்குற ஹிஸ்டரி நாள 90லருந்து குறைச்சா போதும்னு சிலர் சொல்வாங்க, டேபிள் சின்னதாகும் சரி, ஆனா ஒரு மணிக்கு எத்தன லைன் உள்ள வருதோ அத்தனதான் திரும்ப அழிக்கணும், அது மாறாது. அதனால ஐட்டம் கீல ரெஜெக்ஸ், அதாவது தேடற பேட்டர்ன், போட்டு எரர் லைன் மட்டும் வர்ற மாதிரி பண்ணேன், டேட்டாபேஸ்ல இன்னோடிபி பஃபர் பூல், டேட்டாவ மெமரில வச்சுக்குற இடம், டீஃபால்ட் 128 எம்பிலயே கெடந்துச்சு, ரேமுக்கு ஏத்தாப்ல அதயும் ஏத்தினேன். பழைய டேட்டா 90 நாள் தாண்டி கழியற வரைக்கும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், நாங்க அத நைட்டு மெயின்டனன்ஸ்ல கையால ட்ரங்கேட் பண்ணி டேபிள மொத்தமா காலி பண்ணிட்டோம், டீமுக்கு அந்த பழைய டேட்டா தேவப்படல.

வேல முடிஞ்சதும் லாக் லெவல் டிக்ரீஸ் போடணும், மறந்தா அடுத்த ரீஸ்டார்ட்ல கான்ஃபிக்ல இருக்குற லெவலுக்கே வந்துடும். டீபக் மோட் குரூப் அப்டி இல்ல, அத நாமதான் ஆஃப் பண்ணணும்.