அறுபது பாவாடை சட்டைத் தாள் அச்சடித்த கதை

எங்கள் அம்மாபேட்டையில் கட்டிங் பேப்பர், அதாவது துணியை வெட்ட மேலே வைக்கும் மாதிரித் தாள், என்றால் பழைய செய்தித்தாள்தான். அதில் வரைந்து, வெட்டி, சுவர் ஆணியில் மாட்டிவிடுவார்கள். எனக்கு ஆசை கொஞ்சம் பெரியது. இரண்டு, நான்கு, ஆறு வயதுக்கான பாவாடை சட்டையை நிஜ அளவில் ஒரே பெரிய தாளில் வரைந்து, தைக்கும் முறையைச் சின்னப் புத்தகமாகச் சேர்த்து விற்க வேண்டும். 60 செட் போதும். வரைய இரண்டு மாதம் ஆனது, அச்சாகிக் கைக்கு வர மூன்று மாதம்.

முதலில் போனது ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் துணிக்கடை நோட்டீஸும் அடிக்கிற இடம். "அறுபதா, அறுநூறா?" என்று அச்சகக்காரர் இரண்டு முறை கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கலர் என்றால் நான்கு மைக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு) எடுக்க வேண்டும், மை சரியாக விழும்வரை தாள் வீணாகும். அந்தச் செலவு 60 பிரதிக்கும் அதேதான், 1,000 பிரதிக்கும் அதேதான். சிவகாசியில் போட்டால் மலிவு என்று வீட்டில் சொன்னார்கள். ஆயிரத்தை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்குவதில் என்ன மலிவு?

சரி, டிஜிட்டல். பிளேட் கிடையாது, பத்துப் பிரதி கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏ5 அளவில் 18 பக்கம் செய்து கொண்டுபோனேன். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. குழந்தையின் அளவைக் குறிக்க ஒரு அட்டவணையும், சும்மா கோடு போட்ட ஒரு பக்கமும் சேர்த்து 20 ஆக்கினேன். (வாங்கியவர்கள் பாராட்டுவது அந்தக் கோடு போட்ட பக்கத்தைத்தான்.) அட்டையில் இருந்த ராணி கலர் திரையில் ஜொலித்தது, தாளில் செத்துப்போய் வந்தது. திரை காட்டுகிற எல்லா நிறத்தையும் நான்கு மையால் கொண்டுவர முடியாது. அரக்குக்கு மாறிவிட்டேன்.

அடி வாங்கியது பெரிய தாளில். அதன் அளவு ஏ0, அதாவது 841 × 1189 மி.மீ. ஒரு கடையில் கொடுத்தேன், 20 தாள் அடித்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒன்றை வைத்து அக்கா மகளுக்குச் சட்டை தைத்தேன். முதுகுப் பக்கம் பொத்தான் எட்டவே இல்லை. டேப்பை எடுத்து அளந்தால், 66 செ.மீ. வர வேண்டிய மார்புச் சுற்றளவு 64! அச்சடிக்கும்போது 'பக்கத்துக்குள் அடக்கு' என்ற இடத்தில் டிக் இருந்திருக்கிறது. படம் 97 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. போட்டோவாக இருந்தால் யாருக்கும் தெரியாது. சட்டையில் தெரியும். சோதனைக்கு ஒரு கட்டம் வரைந்து வைக்காதது என் தப்பு. 20 தாளும் வீண்.

அப்புறம் போனது வீட்டு பிளான் பிரின்ட் எடுக்கிற கடைக்கு. முதலில் இங்கேதான் வந்திருக்க வேண்டும். ஃபைலைத் திறந்ததும் அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "ஸ்கேல் எவ்வளவுங்க?" ஒன்றுக்கு ஒன்று, அதாவது நிஜ அளவு என்றேன். எதிரெதிர் மூலைகளில் 10 செ.மீ. கட்டம் போடச் சொன்னார். ஒரு தாள் ஓட்டி, மேஜையில் விரித்து, இரும்பு ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தார். கட்டம் சரி. அவர் விடவில்லை, தாள் ஓடும் திசையில் முழு நீளத்தையும் அளந்தார். ஒரு மீட்டரில் 4 மி.மீ. குறைந்தது. ரோலை இழுக்கும்போது வருகிற குறையாம். மெஷினில் அதைத் திருத்திவிட்டு இன்னொரு தாள் ஓட்டினார்.

மூன்று அளவுக்கு மூன்று கலரில் கோடு வைத்திருந்தேன். அந்தக் கடையின் கருப்பு வெள்ளை அச்சில் மூன்றும் ஒரே சாம்பல். ஒன்றை முழுக்கோடாகவும், ஒன்றைப் புள்ளியாகவும், ஒன்றை வெட்டுக்கோடாகவும் மாற்றினேன்.

மடிப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஏ0 தாளைப் புத்தக அளவுக்கு மடித்தால் 32 அடுக்கு, தலையணை மாதிரி புடைக்கும். ஏ4 அளவோடு நிறுத்தினால் 16 அடுக்குதான். கடைப் பையன் ஒரு தாளை விசிறி மாதிரி மடித்தபடி, "பேரு எந்த மூலையில வரணும்க்கா?" என்றான். பிளானில் பெயர்க்கட்டம் கீழே வலது மூலையில் இருக்கும், மடித்தால் அது மேலே தெரியும். என் தாளில் பெயர் நட்டநடுவில் கிடந்தது. அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன்.

புத்தகம், தாள், ஜிப் கவர் எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு 140 ரூபாய் ஆனது, வீணான 20 தாளைக் கணக்கில் சேர்க்காமல். இதுவரை 41 செட் போயிருக்கிறது. எட்டு வயதுக்கும் வேண்டும் என்று ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார். தாளில் இடமில்லை. இரண்டாவது தாள் வைத்தால் ஜிப் மூடாது.