கரண்ட்டும் பெட்ரோல்தான்

கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம். பெட்ரோல் 100 ரூபாயைத் தொட்டதிலிருந்து இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. "ஏனுங்ணா, லைட்டெல்லாம் எல்இடி போட்டா மைலேஜ் ஏறுமுங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் வீடியோ பார்த்தவர்கள் என்றால் டைனமோ பெல்ட்டையே கழற்றிவிட்டு ஓட்டலாமா என்பது வரைக்கும் போவார்கள்.

கேட்பதில் தப்பே இல்லை. பேட்டரி இருக்கிறது, அதிலிருந்து கரண்ட் வருகிறது, அதற்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறவர்களை விட இவர்கள் எவ்வளவோ மேல். என்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரிக்கும் சேர்த்து எல்லாவற்றுக்கும் படியளப்பது ஆல்டர்னேட்டர் (டைனமோ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்), பெல்ட் போட்டு அதைச் சுற்றுவது என்ஜின். சர்வீஸ் செய்த ஆல்டர்னேட்டரை டெஸ்ட் பெஞ்சில் மாட்டி லோடு இல்லாமல் ஓட்டினால் பேரிங் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. 40 ஆம்பியர் லோடைப் போட்ட அந்த நொடியில் பெஞ்ச் மோட்டார் முனகும், பெல்ட்டின் ஒரு பக்கம் விறைக்கும். வண்டியிலேயே கூடப் பார்க்கலாம். ஐடிலில் வைத்து ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி டீஃபாகர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் என்ஜின் சத்தம் லேசாக இறங்கும், அடுத்த கணமே இசிஎம், அதாவது என்ஜினை ஆள்கிற கம்ப்யூட்டர், அதைத் தூக்கிப் பிடிக்கும். அந்தத் தூக்கிப் பிடிப்பதற்குத்தான் பெட்ரோல்.

எவ்வளவு பெட்ரோல்? 100 வாட் கரண்ட் கொடுக்க, சாதாரண ஆல்டர்னேட்டர் பெல்ட்டிலிருந்து 170, 180 வாட் வாங்கும். மிச்சம் சூடாகப் போய்விடும். என்ஜின் எரிக்கிற பெட்ரோலில் கால்வாசிதான் வேலையாக மாறும் என்று வைத்துக்கொண்டால் அந்த 100 வாட்டுக்காக எரிவது சுமார் 700 வாட். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சக்தி கிட்டத்தட்ட 9 யூனிட். ஆக மணிக்கு 75, 80 மில்லி, ஏழெட்டு ரூபாய். லோ பீமில் 55 வாட் பல்பு இரண்டு, பார்க் லைட், டெயில் லைட் எல்லாம் சேர்த்து 130, 140 வாட் வரும், அதாவது இராத்திரி ஓட்டுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 ரூபாய் லைட்டுக்கே போகிறது. நல்ல எல்இடி போட்டால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் பிடிக்கலாம். விடிய விடிய ஏர்போர்ட் டிரிப் அடிக்கிற டாக்ஸிக்காரருக்கு இது காசு. ஆபீஸ் விட்டு அரை மணி நேரம் லைட் போட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு 3,000 ரூபாய் எல்இடி அந்தக் காசைத் திருப்பித் தர நாலு வருஷமாவது ஆகும், அதற்குள் எல்இடியின் குட்டி ஃபேன் செத்துவிடும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் கண்டதைச் சொருகினால் எதிரில் வருகிறவன் கண் கூசுவது தனிக் கதை.

ஐரோப்பாவில் 2013-லேயே ஆடி கார்களின் எல்இடி விளக்குகளையும் வேலியோ என்கிற உதிரிபாகக் கம்பெனியின் ஆல்டர்னேட்டர் ஒன்றையும் புகை குறைக்கும் புதுமைகள் என்று அரசாங்க மட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள். விளக்கில் மிச்சமானது கிலோமீட்டருக்கு ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குத்தான். லட்சக்கணக்கில் கார் விற்கிற கம்பெனிக்கு அந்த ஒரு கிராம் பெரிசு. நம் ஒரு வண்டிக்கு அது டீக்காசு.

பெல்ட்டைக் கழற்றும் யோசனைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். ஒரு லைட்டும் போடாவிட்டாலும் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், காயில், இசிஎம் எல்லாம் சேர்ந்து 10, 12 ஆம்பியர் இழுக்கும். 35 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் அதிகம். ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று மெல்லிய பிளேட் வைத்துச் செய்த பேட்டரி அது. தினமும் அடிவரை இறக்கினால் சில மாசத்தில் பிளேட் உதிர்ந்துவிடும். மணிக்கு 10 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 5,000 ரூபாய் பேட்டரியைக் காவு கொடுக்கிற வேலை. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, கழற்றினால் என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட்டும் சேர்ந்து போகும்.

உண்மையில் பெட்ரோல் எங்கே ஒழுகுகிறது என்றால், யாரும் ஸ்விட்ச் போடாத இடத்தில். மைலேஜ் இறங்கிவிட்டது என்று பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தது ஒரு கால் டாக்ஸி. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வருகிற பி டெர்மினல் ஒயரில் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். அரை மணி நேரம் ஓடி வந்த வண்டி, பேட்டரி நிறைந்து சார்ஜ் நாலைந்து ஆம்பியருக்கு இறங்கியிருக்க வேண்டும். பம்ப், இன்ஜெக்டர், இசிஎம் இழுப்பதும் சேர்த்து 15 காட்டியிருந்தால் சரி என்றிருப்பேன், காட்டியது 38. பேட்டரி பக்கவாட்டில் உப்பி, தொட்டால் சுட்டது. ஒரு செல் ஷார்ட். எவ்வளவு ஊற்றினாலும் நிறையாத பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர் நாள் முழுக்க 300 வாட் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, என்ஜின் அதையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பேட்டரி மாற்றியதும் 14-க்கு இறங்கியது. மைலேஜ் நன்றாக ஏறிவிட்டது என்று டிரைவர் தம்பி அடுத்த வாரம் வந்து சொன்னார். அதே வாரம் நாலு டயருக்கும் காற்று பிடித்திருந்தார் என்பதால் நான் முழுசாக நம்பவில்லை.

இந்த மாதிரி இன்னும் இருக்கின்றன. சென்சார் போய் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற ரேடியேட்டர் ஃபேன், ஊட்டியில் பனிக்குப் போட்டு மேட்டுப்பாளையம் வந்தும் அணைக்காத டீஃபாகர். ஏசி வேறு ரகம். கம்ப்ரஸர் நேராக பெல்ட்டில் ஓடுவதால் அதன் இழுவை கிலோவாட் கணக்கில் வரும், ஹெட்லைட்டையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

புது வண்டிகளில் இந்தச் சிக்கனத்தைக் கம்பெனியே செய்துவிடுகிறது. 2015-ல் வந்த மாருதி சியாஸ் எஸ்ஹெச்விஎஸ் (மைல்ட் ஹைப்ரிட்) டீசலிலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டு பிரேக் பிடிக்கும்போது சும்மா போகிற வேகத்தை வைத்து சார்ஜ் ஏற்றிக்கொள்கிற ஏற்பாடு இருந்தது. அப்படி இல்லாத பல வண்டிகளிலும் இப்போது இசிஎம்தான் ஆல்டர்னேட்டரை ஆள்கிறது. சமமாகப் போகும்போது வோல்ட்டை வேண்டுமென்றே 12.8 அளவுக்கு இறக்கும், வேகம் குறையும்போது 14.5-க்கு மேல் தூக்கும். இது தெரியாமல் மீட்டர் வைத்துப் பார்த்து, 14.2 வரவில்லை, டைனமோ போச்சு என்று நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

இதில் பாட்டுக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சப்வூஃபர் மாட்டுகிறவர்கள் இன்னொரு கூத்து பண்ணுகிறார்கள். பேட்டரி மைனஸ் டெர்மினலில் சின்னதாக ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும், எவ்வளவு போகிறது வருகிறது என்று இசிஎம்முக்குச் சொல்வது அதுதான். ஆம்பின் எர்த்தை பாடியில் கொடுக்காமல் நேராக அந்த மைனஸ் போஸ்ட்டிலேயே கொடுத்துவிட்டால் அந்த லோடு சென்சார் கண்ணில் படாது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று நினைத்து இசிஎம் சார்ஜைக் குறைக்கும், ஒரு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. போன வாரம்கூட ஒன்று தள்ளிக்கொண்டு வந்தார்கள். எர்த்தை பாடிக்கு மாற்றி, பேட்டரியை சார்ஜில் போட்டுக் கொடுத்தேன். சப்வூஃபர் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரிலும் காட்டினேன். "அது பரவால்லீங்ணா, ஹெட்லைட்டுக்கு மட்டும் எல்இடி போட்டுக் குடுங்க" என்றான் பையன்.